கயிற்றில் சிக்காத ஜிமிக்கி

இலங்கை மலையகத்தில், ஹட்டன் கடைத்தெருவின் மாடியறை ஒன்றில் ஒரு பெண் கம்பி வளைத்து நகை செய்தார். குட்டை முடி, குறடு பிடித்துக் காய்த்த விரல்கள். செய்து முடித்த ஒவ்வொரு ஜிமிக்கியையும் தன் காதில் மாட்டி, தலையில் மாட்டி முதுகில் கூடையைத் தொங்கவிடும் கயிறு ஒன்றைத் தலைக்கு மேலாக இழுத்துப் பார்ப்பார். சிக்கினால் மறுபடியும் குறடு.

“கொழும்புல வாங்குறவங்க தேயிலைக் கொழுந்துக் கூடையா தூக்கப் போறாங்க?” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “எங்கம்மாவுக்கு ஜிமிக்கின்னா உசுருங்க. கூடைக் கயிறு மாட்டிக்கும்னு கொழுந்து பறிக்க மலைக்குப் போறப்ப கழட்டி வச்சிருவாங்க. சிக்காத மாதிரி ஒண்ணு செஞ்சு பாப்போமேன்னுதான் நான் மொதல்ல குறடு எடுத்தேன்.”

“போட்டாங்களா?”

“மறுநாள் காலைல வேலை பிரிச்சுக் குடுக்குற பெரட்டுக்கே போட்டுக்கிட்டுப் போனாங்க.”

நானும் ஒரு சோடி வாங்கினேன். இப்போதெல்லாம் தேயிலை மலையைக் கடக்கும்போது, பறிக்கிற பெண்களின் காதுக்குத்தான் என் கண் முதலில் போகிறது. அதற்கு முன் கூடையை மட்டுமே பார்த்திருக்கிறேன்.