சேர்க்காமல் விட்ட ஒன்று

என் தங்கையை வீட்டில் எல்லோரும் சின்னவள் என்றுதான் கூப்பிடுவோம். தலை நரைக்க ஆரம்பித்தும் அந்தப் பெயர் போகவில்லை. கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. வேலை, பிள்ளை, மாமியார் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வருடக்கணக்கில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தாள்.

என்ன ஆராய்ச்சி என்று நான் கேட்டிருக்கவே கூடாது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள்.

"ஆபரேட்டர்னா கணக்குல ஒரு குறி. துகள் ஒண்ண உண்டாக்குறது ஒண்ணு, அழிக்கிறது ஒண்ணு. எது முதல்ல வேலை செய்யுதுங்கறதுதான்க்கா உயிர். துகளே இல்லாத வெற்றிடத்துல முதல்ல உண்டாக்கி, அப்புறம் அழிச்சா பழைய வெற்றிடம் திரும்ப வந்துடும். முதல்லயே அழிக்கப் போனா? அழிக்க என்ன இருக்கு? கணக்கு அங்கயே பூஜ்யம். அதனால வரிசைய மாத்தினா கூடவே ஒரு ஒண்ணு சேக்கணும்."

"அடியம்மா, இதுக்கா இவ்வளவு பாடு?" என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. துகளே இல்லாத இடத்தில்கூட ஒரு சின்ன சிக்னல் கிடைக்கும் என்று தன் கணக்கு காட்டுவதாகச் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே!

அவள் வீட்டுக்காரருக்கோ தலைகால் புரியவில்லை. வாய்மொழித் தேர்வன்று காலையிலேயே பழைய பெயர்ப்பலகையைக் கழற்றி எறிந்துவிட்டு, 'டாக்டர்' என்று போட்ட புதுப் பலகையை வாசல் சுவரில் திருகி மாட்டிவிட்டார். தெரு முழுக்கச் சொல்லியும் ஆயிற்று. தேர்வு முடியட்டுமே என்றேன். யார் கேட்டார்கள்?

அரங்கில் குடும்பத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவளைப் புகழ்ந்துவிட்டு, "அந்தக் கடைசிப் படிய மட்டும் போர்டுல போட்டுக் காட்டுங்களேன்" என்றார். மளமளவென்று எழுதினாள். நடுவில் கை நின்றுவிட்டது. சாக்பீஸ் உடைந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

தேர்வாளர் தலையாட்டிக்கொண்டிருந்தார். அவளுடைய ஆராய்ச்சி கைடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். யாரும் எதையும் கவனிக்கவில்லை. பேசாமல் அடுத்த வரிக்குப் போயிருக்கலாம். பாவி, போகவில்லை.

"மன்னிச்சுக்குங்க. வரிசைய மாத்தின இடத்துல ஒண்ணு சேக்காம விட்டுட்டேன்" என்றாள். எனக்குப் பாத்திரம் தேய்க்கையில் சொல்லிக்கொடுத்த அதே ஒன்று! அதைச் சேர்த்ததும் பக்கத்திலிருந்த கழித்தல் ஒன்றோடு அடிபட்டுப்போனது. மிச்சம் பூஜ்யம். சிக்னலும் இல்லை, பட்டமும் இல்லை. சாக்பீஸை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் நின்றாள். அவள் மாமியார் எழுந்து வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் வீட்டுக்காரர், "பலகை இருந்துட்டுப் போகட்டும். கழட்டினா நாலு பேர் கேப்பாங்க. எப்படியும் திருத்தி எழுதத்தானே போற?" என்றார்.

"இல்லாத பட்டத்த எப்படிங்க மாட்டி வைக்கிறது?" என்றவள், ஸ்டூலையும் திருப்புளியையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். பட்டப்பகல். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அப்படியே நின்று பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர், "என்ன டாக்டரம்மா, அதுக்குள்ள ரிப்பேரா?" என்று சிரித்தார்.

"நான் டாக்டர் ஆகலைங்க. கணக்குல தப்புப் பண்ணிட்டேன்."

அவர் சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் உள்ளே போய்விட்டார். எனக்கு ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. ஸ்டூலைப் பிடித்தபடி, "இருட்டினப்புறம் கழட்டக் கூடாதாடி? உனக்கு வெக்கமா இல்ல?" என்று பல்லைக் கடித்தேன்.

"இருக்குக்கா. செத்துடலாம் போல இருக்கு. இந்தா, இந்த ஸ்குரூவப் பிடி."