குளிரில் நின்றுபோன பற்றரி

அருமைநாதனுக்கு ஐம்பத்தெட்டு வயது. கனடாவில், மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கடைகளின் பணத்தை வங்கிகளுக்கு ஏற்றிச் செல்லும் கவச வண்டி நிறுவனம் ஒன்றில் ஆயுதக் காவலராக இருந்தார். காலையில் முதலில் அவருடைய முழங்கால் விழித்துக்கொள்ளும், பிறகுதான் அவர். குண்டு துளைக்காத அங்கியும் பிஸ்டலும் மாட்டிக்கொண்டு நாள் முழுதும் வண்டிப் படியில் ஏறி இறங்கிவிட்டு வீடு வந்தால், மனைவி புஷ்பவதி கதவைத் திறந்தபடியே, "சாப்பிடுறீங்களா, படுக்கிறீங்களா?" என்றுதான் கேட்பாள். இரண்டுக்கும் சேர்த்து அவரிடம் தெம்பு மிஞ்சாது என்பது அவளுக்குத் தெரியும்.

மட்டக்களப்பிலிருந்து வந்த புதிதில் ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி இறக்கினார். இடுப்பு, நாரி பிடித்துக்கொண்டது. பிறகு ஒரு கட்டடத்தில் வாசல் காவல். அதற்குப் பிறகுதான் இந்த வேலை. துப்பாக்கி அனுமதிக்குப் படிக்கப் போவதாகச் சொன்னபோது புஷ்பவதி சில நாள் அவரோடு கதைக்கவில்லை. ஊரில் சோதனைச் சாவடிகளில் முகத்தில் ரோச் லைட் அடிக்க, கண் கூசி, வெளிச்சத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று தெரியாமல் கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள் இருவரும். "நீங்க அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறதை நான் பாக்க ஏலாது" என்றாள். பிள்ளைகளின் படிப்பு வந்தது. அவளும் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

அவர்களுடைய பிஸ்டல்களில் குழலுக்குக் கீழே கட்டைவிரல் அளவில் ஒரு விளக்கு பூட்டியிருக்கும். இருட்டில் எதிரே நிற்பது யாரென்று தெரியாமல் சுட்டுவிடக் கூடாது, அதற்குத்தான். அதற்குள் இருப்பது குட்டையான ஒரு லித்தியம் பற்றரி. ஆயுத அறைக்குப் பொறுப்பான யோசெப்பின், திருகோணமலைக்காரி, மாதம் பிறந்ததும் எல்லா விளக்குகளுக்கும் புதுப் பற்றரி போடுவாள். பழையதைக் கழிவு வாளிக்குள் போடுவாள். அவற்றில் பெரும்பாலானவை ஒரு நிமிடம்கூட எரிந்திருக்காது.

அந்த வாளியைப் பார்க்கும்போதெல்லாம் அருமைநாதனுக்கு வயிற்றெரிச்சல். அதனால், திரும்பச் சார்ஜ் பண்ணும் பற்றரிக்கு மாறுவோமா என்று மேற்பார்வையாளர் ஜில் கூட்டத்தில் கேட்டபோது முதலில் கை தூக்கியவர் அவர்தான். யோசெப்பின் மட்டும் தூக்கவில்லை.

"எறியிற பற்றரி வருசக்கணக்கா பெட்டிக்குள்ள கிடந்தாலும் வேலை செய்யும் அண்ணன். இது சும்மா வச்சிருந்தாலே இறங்கிப் போகும். ஆருடையது நிரம்பியிருக்கு, ஆருடையது பழசாப் போச்சுது எண்டு பாக்கிறது ஆர்? நான்தானே?"

"நான் வந்து உதவி செய்யிறன் பிள்ளை" என்றார்.

ஒரு வாரம் உதவி செய்தார். பிறகு முடியவில்லை, வண்டியால் இறங்கினால் கால் பேருந்துத் தரிப்பிடத்துக்குத்தான் போனது. யோசெப்பின் தனியாகவே பார்த்துக்கொண்டாள். சார்ஜ் பெட்டியின் சிவப்பும் பச்சையுமான புள்ளிகளைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. ஆனால் குறை சொல்ல எதுவும் நடக்கவில்லை. கோடையும் இலையுதிர் காலமும் நல்லபடியாகப் போயின. கழிவு வாளி காலியாகக் கிடந்தது. ஜில்லுக்குத் தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது.

ஜனவரியில் பெருங்குளிர் இறங்கியது. அன்று ஆற்றுக்கு அக்கரையிலுள்ள புரோசார்ட் நகரில் ஒரு வணிக வளாகம். வளாகத்தின் பின்பக்கக் கதவைத் திறக்க ஆள் வரத் தாமதமாகிவிட்டது. ஆற்றுக் காற்று முகத்தை அறுக்க, அருமைநாதனும் கூட வேலை செய்யும் தமிழ் இளைஞன் டனிஸ்ரனும் வெளியே நெடுநேரம் நின்றார்கள். பிஸ்டல் இடுப்பில், கோட்டுக்கு வெளியே, இரும்பாகக் குளிர்ந்து கிடந்தது.

உள்ளே போய்ப் பணப்பைகளை எடுத்துக்கொண்டு யன்னலில்லாத பின் நடைபாதையால் திரும்பும்போது மின்சாரம் நின்றது. அவசர விளக்கும் எரியவில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாக இருந்த இருட்டு. பைகளோடு டனிஸ்ரன் பின்னால் நின்றான். முன்னால் ஒரு கதவு அடித்துத் திறந்தது. இரும்பு எதிலோ உரசும் சத்தம். யாரோ அவர்களை நோக்கி வேகமாக வந்தார்கள்.

அருமைநாதன் பிஸ்டலை உருவி விளக்கை அழுத்தினார். ஒரு மின்னல்போல எரிந்து அணைந்தது. அந்த மின்னலில் அவர் கண்டது ஓர் உருவமும், அதன் கையில் நீளமாக ஒன்றும்தான். திரும்ப அழுத்தினார். எரியவில்லை.

"நில்லுங்கள்!" என்று பிரெஞ்சில் கத்தினார். காலடி நிற்கவில்லை. இன்னொரு முறை கத்தினார். நிற்கவில்லை. விரல் விசையின் மேல் வந்து இருந்ததை அவர் உணர்ந்தார். அதை அங்கே கொண்டுபோனது தான்தானா என்று அவருக்கே தெரியவில்லை.

"அண்ணன், பொறுங்கோ! பொறுங்கோ!" டனிஸ்ரன் பைகளைப் போட்டுவிட்டு கோட்டுக்குள் இருந்த கைவிளக்கை எடுத்து அடித்தான்.

கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வயதான மனிதர். துப்புரவு வேலைக்காரர், பழகிய வழியால் இருட்டிலும் வெளியே போக விரைந்திருக்கிறார். ஒரு கையில் தரை துடைக்கும் தடி, மறு கையில் சக்கர வாளி, காதிரண்டிலும் பாட்டுக் கேட்கும் குமிழ்கள். வெளிச்சம் முகத்தில் பட்டதும் கண் கூசி நின்றார். பிறகு பிஸ்டலைக் கண்டார். தடியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினார். தூக்கியபடியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அருமைநாதன் பிஸ்டலை உறையில் வைத்தார். கீழே கிடந்த தடியை எடுத்துச் சுவரில் சாத்தினார்.

எரியவில்லை என்று அவர் சொன்ன அந்த விளக்கை, மாலையில் ஆயுத அறையில் யோசெப்பின் அழுத்தினாள். பளிச்சென்று எரிந்தது. பக்கத்தில் நின்ற ஜில் விளக்கைப் பார்த்தார், அருமைநாதனைப் பார்த்தார்.

"எரியுதே" என்றார் அருமைநாதன். தன் காதுக்கே அது பொய் சொன்னவன் குரல்போலக் கேட்டது.

ஜில் நல்ல மனிதர். அவரும் களைத்துப்போயிருந்தார். "வெளியே வைத்துப் பார்ப்போம்" என்றார். அந்த விளக்கையும், பழைய வகைப் பற்றரி போட்ட இன்னொன்றையும் யன்னலுக்கு வெளியே பனியில் வைத்துவிட்டு மூவரும் இயந்திரக் கோப்பியைக் குடித்தார்கள். எடுத்து அழுத்தியபோது பழைய வகை கொஞ்சம் மங்கலாக எரிந்தது, ஆனால் எரிந்துகொண்டே இருந்தது. மற்றது எரிந்து உடனே நின்றது.

"அடிக்கடி சார்ஜ் ஏத்தி அது தேஞ்சுபோச்சுது. குளிரும் சேர, உடனே நிண்டிடுது" என்றாள் யோசெப்பின். சொன்னதில் வெற்றி ஒன்றும் இல்லை. சொல்லிவிட்டு அழுதாள். "நான் அதை முதலே கழிச்சிருக்கோணும் அண்ணன்."

"எத்தினையைத்தான் நீ பாப்பாய்? கை தூக்கினது நான்" என்றார் அவர்.

கடமைக்குப் போகும் பிஸ்டல்களுக்கு எறியும் பற்றரியே திரும்பி வந்தது. சார்ஜ் பண்ணுபவை துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்கும் கைவிளக்குக்கும் என்று ஜில் பிரித்துவிட்டார். மாதா மாதம் கழற்றும் பற்றரிகளையும் எறியாமல் பயிற்சிக்கு வைத்தார்கள். முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அருமைநாதன் புதுப் பற்றரி போட்ட பிஸ்டலோடு இன்னும் இரண்டு வாரம் போனார். கதவுகள் அடிக்கும் சத்தம் கேட்டால் விரல் மரத்தது. ஒரு மாலை புஷ்பவதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்த மனுசனைப் போய்ப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, வளாகத்தில் விலாசம் கேட்டு, அந்தத் துப்புரவு வேலைக்காரரின் வீட்டுக்குப் போனார். அந்த மனிதர் பெயர் மனுவேல், எல் சல்வடோர்காரர். இருவருக்கும் அரைகுறைப் பிரெஞ்சு. மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைப் பேருந்தில் பாடமாக்கியிருந்தார், பாதிதான் வந்தது. மனுவேல் அவரை உட்காரச் சொன்னார்.

"எங்கள் ஊரிலும் இப்படிக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்" என்றார். "அங்கே துப்பாக்கி பிடித்தவன் பிறகு வந்து உட்கார்ந்ததில்லை."

அருமைநாதன் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, பேருந்துக்கு எழுந்தார்.

மறுநாள் ஆயுத வேலையை விடுவதாக ஜில்லிடம் சொன்னார். துறைமுகப் பக்கமாக ஒரு களஞ்சியத்தின் வாசலில், ஆயுதமில்லாத காவல் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு, அங்கியின் பாரமும் இல்லை. பிஸ்டலை ஒப்படைத்த அன்று யோசெப்பின், "இனி நிம்மதியா அண்ணன்?" என்று கேட்டாள்.

"தெரியேல்ல பிள்ளை. நித்திரைதான் வருது" என்றார்.

உண்மையிலேயே வந்தது. அன்று பேருந்தில் உறங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், கடைசித் தரிப்பில் சாரதி தோளைத் தட்டி எழுப்பிய பிறகுதான் இறங்கினார்.