பாலத்தடியில் விழுந்த நிழல்

என் கணவருக்குக் கோட்டே கிடையாது. கல்யாண வரவேற்புக்குக்கூட வேட்டி சட்டைதான். ஆனால் அவர் போனபின் காரியத்துக்குப் படம் கேட்டபோது, சிறுசேரி ஆபீஸ் அடையாள அட்டையைத்தான் என்னால் எடுத்துக் கொடுக்க முடிந்தது. தாம்பரம் ஸ்டுடியோக்காரர் அதைப் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே நீலக் கோட்டும் டையும் ஒட்டிக் கொடுத்தார்.

"கோட்டு போட்டா கெத்தா கீது பாருங்கக்கா" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்சூரன்ஸ் விற்க வந்தவர் மாதிரி ஒருவர் எங்கள் இரும்புலியூர் வீட்டுச் சுவரில் ஏறிக்கொண்டார். ஒரு வருடம் அந்த ஆளுக்குத்தான் விளக்கேற்றினேன்.

வேறு படம் இல்லை. கல்யாண ஆல்பம் வெள்ளத்தில் போய்விட்டது, அதன்பின் கேமரா எப்போதும் அவர் கையில்தான். லீவு கிடைத்தால் ரயிலேறி ஏதாவது பழைய ஊருக்குப் போவோம். கோட்டை, மண்டபம் எல்லாம் பிடிக்கும், பாலம் என்றால் அவருக்குப் பைத்தியம். என்னை அதனடியில் நிறுத்துவார். ஆள் நின்றால்தான் கல்லின் உயரம் தெரியுமாம். "இன்னும் பின்னாடி போம்மா, இன்னும்" என்பார். கடைசியில் படத்தில் நான் எறும்பளவு இருப்பேன். "நீங்களும் வாங்க, செல்ஃபி எடுக்கலாம்" என்றால், "நம்ம மூஞ்சிய எடுக்கத் தாம்பரம் போதாதா?" என்பார்.

வருஷ தெவசம் நெருங்கியபோது அவர் எடுத்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஹைதராபாத் பழைய பாலத்துப் படம் ஒன்றில் கை நின்றுவிட்டது. வளைவின் கீழே நான் அவரைப் பார்த்து நிற்கிறேன். சாயங்கால வெயில் அவர் முதுகில் விழுந்திருக்க வேண்டும். புல்லின்மேல் ஒரு நிழல் நீண்டு என்னை நோக்கி வருகிறது. முழங்கைகளைத் தூக்கி, தலையை ஒரு பக்கம் சாய்த்து. அவரேதான். வாய்விட்டு அழுதேன்.

அதை மாட்டப் போகிறேன் என்றதும், பொழிச்சலூரிலிருந்து வந்திருந்த நாத்தனார் பதறிவிட்டாள். "அண்ணி, அதுல நீங்க இருக்கீங்க. உயிரோட இருக்கறவங்க படத்துக்கு யாராவது மாலை போடுவாங்களா?"

ஸ்டுடியோக்காரரிடம் கேட்டேன். "உங்கள அழிச்சிட்டா மேட்டர் ஓவர்க்கா" என்றார். கோட்டு மாட்டியவர் ஆளை அழிக்கவா யோசிப்பார்? வேண்டாம் என்று வந்துவிட்டேன். அதற்குப் பதில் அதே இடத்திலிருந்து வெறும் பாலத்தை நானே எடுத்து மாட்டலாம் என்று தோன்றியது. அவர் கண்ணால் பார்த்ததாவது சுவரில் இருக்கட்டும். அவருடைய கேமராவோடு தனியாக ரயிலேறினேன்.

ஆற்று நாற்றம் மாறவில்லை. பழைய படத்தைச் செல்போனில் வைத்துக்கொண்டு, வளைவு முழுதாக அடங்கும்வரை பின்னால் நகர்ந்தேன். "இன்னும், இன்னும்" என்று என் வாயே சொன்னது. வெயில் முதுகில் சுட்டது. கேமராவில் கண்ணை வைத்து அழுத்தினேன்.

எடுத்ததைப் பார்த்தேன். வளைவின் கீழே யாரும் இல்லை. ஆனால் புல்லின்மேல் அவர் இருந்தார். தூக்கிய முழங்கைகள், சாய்ந்த தலை. சட்டென்று திரும்பிப் பார்த்தேன். ஓர் ஆடு மட்டும் மேய்ந்துகொண்டிருந்தது. அது என் நிழல் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

அதன்பின்தான் உண்மையிலேயே பயம் வந்தது. கேமராவைப் பிடித்தால் எவர் நிழலும் அப்படித்தான் விழும் என்றால், நான் அழுதது யாருடைய நிழலைப் பார்த்து? இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து இருட்டும்வரை பார்த்தேன். நிழல்களில் வித்தியாசமே தெரியவில்லை. ஒன்றில் நான் நிற்கிறேன், மற்றதில் இல்லை. அவ்வளவுதான். என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்த உலகத்தில் ஒருவர்தான் இருந்தார்.

தெவசத்தன்று கோட்டுக்காரரை இறக்கிவிட்டுப் பழைய படத்தை மாட்டினேன். மாலையையும் நானே போட்டேன். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தினமும் விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்தால், மாலைக்குள் எறும்பளவு நின்றுகொண்டு நான் அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.