ரிமாண்டுக்கு ஒரு முழுக்கைச் சட்டை

சிதம்பரம் கோர்ட்டில் நான் ஜூனியர் வக்கீலாக இருந்த காலத்தில் மனித உரிமை பற்றி எங்களுக்கு அடிக்கடி வகுப்பு நடக்கும். கடலூருக்கு பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு, மதியம் பிரிஞ்சி சாப்பிட்டு வருவோம். கைதியை ரிமாண்ட் செய்யும்போது போலீஸ் அடித்தார்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டே ஆக வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். கேட்கத்தான் செய்தார்கள். அடித்தவனையே பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு கேட்டார்கள்.

2007 என்று நினைக்கிறேன். கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த ஒருவர், சிதம்பரம் பக்கத்தில் மனைவியின் ஊருக்கு வந்திருந்தார். அங்கே ஒரு பம்புசெட் மோட்டார் திருடு போயிருந்தது. காலனிக்கு வந்திருக்கும் வெளியூர் ஆள், போதாதா? போலீஸ் தூக்கிக்கொண்டு போய் முதுகையும் தோளையும் வெளுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஸ்டேஷன் வாசலில் அழுதுகொண்டிருந்த அவர் மனைவியிடம் ஏட்டு கரிசனமாகப் பேசியிருக்கிறார்.

"ஜட்ஜ் ஐயா முன்னாடி உன் வூட்டுக்காரரு கௌரவமா நிக்க வேணாமா? நல்லதா ஒரு ஃபுல்கை சட்டை எடுத்தாம்மா."

அந்த அக்காவுக்கு மனசு குளிர்ந்துபோனது. தம்பி கல்யாணத்துக்கு எடுத்த சட்டையை இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். கோர்ட்டு வாசலில் இதை என்னிடம் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காயத்த மறைக்கத்தாங்க்கா அந்த ஆளு சட்டை கேட்டிருக்கான்" என்றேன். அவருக்கு முகம் செத்துப்போனது.

அவர்கள் குடும்பத்தில் சட்டை லேசான விஷயமில்லை. புருஷனுடைய அப்பா ஊர்த்தெருவுக்குள் போகும்போது சட்டையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டும். மகன் தலையெடுத்த பிறகுதான் அந்தக் கேடுகெட்ட வழக்கம் ஒழிந்தது. புருஷன் கோர்ட்டில் சட்டையோடு நிற்க வேண்டும் என்று அந்த அக்கா நினைத்ததில் என்ன தப்பு?

ஆனால் காயம் அன்றைக்கே பதிவானால்தான் அடித்தவர்கள் மேல் கேஸ் நிற்கும். ஆறிப்போனால் ஒன்றும் கிடையாது.

மாஜிஸ்திரேட் தலையைத் தூக்காமல் கேட்டார். "போலீஸ் அடிச்சாங்களா?"

ஏட்டு கைதியின் முழங்கையைப் பிடித்தபடி நின்றார். "இல்லீங்கய்யா" என்றார் கைதி.

நான் எழுந்து, சேம்பருக்குள் வைத்து அவர் உடம்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன்.

"எல்லாரையும் சேம்பருக்குக் கூப்பிட்டா மத்த கேஸை எப்பம்மா பாக்கறது? காயம் இருந்தா இங்கியே சட்டையைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க."

மோட்டாரைப் பறிகொடுத்தவர் தன் ஊர்த்தெரு ஆட்களோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். கதவோரம் நின்ற அக்கா, கழற்று கழற்று என்று கையால் ஜாடை காட்டினார். புருஷனின் கை சட்டையின் மேல் பித்தான் வரைக்கும் போய், இறங்கிவிட்டது.

"வேணாங்கய்யா. எங்கப்பாதான் இவுங்கள மாதிரி ஆளுங்க முன்னாடி சட்டை இல்லாம நின்னாரு. நா நிக்க மாட்டேன்."

காயம் இல்லை என்று எழுதிக் கடலூர் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். ஜெயிலில் காயத்தைப் பார்த்தார்கள். பழைய காயம் என்று முடித்துவிட்டார்கள். எனக்கு முதலில் சட்டையைக் கழற்றாத அவர் மேல்தான் ஆத்திரம் வந்தது. ராத்திரி அது என் மேலேயே திரும்பியது. மானத்தைக் கழற்றி வைத்தால்தான் உரிமை கிடைக்கும் என்று சொல்கிற இடத்தில் நானும் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறேனே என்று வெறுப்பாக இருந்தது.

திருட்டு கேஸ் நிற்கவில்லை, விடுதலையானார். அடித்தவர்கள் மேல் கொடுத்த புகார் மட்டும் இழுத்து இழுத்து, 2011இல் கடலூரில் விசாரணைக்கு வந்தது.

"அடிச்சிருந்தா அன்னைக்கே காட்டியிருக்கலாமே?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். நான் எழுவதற்குள் அக்காவின் புருஷன் கூண்டிலேயே பித்தான்களை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். அந்த அடிக்குப் பிறகு அவருக்கு வலது கை தோளுக்கு மேல் ஏறாது. எப்படியோ உருவி எடுத்துவிட்டு, நீதிபதிக்கு முதுகைக் காட்டினார்.

"பாருங்கய்யா."

முதுகில் ஒன்றுமே இல்லை.

"கோர்ட்டுல என்னய்யா இது அசிங்கம்? சட்டையைப் போடு" என்றார் நீதிபதி.

அவரால் கையை நுழைக்க முடியவில்லை. அக்கா கூண்டில் ஏறிப்போய் மாட்டிவிட்டார்.