அத்தானுக்குப் போடாத பிளாஷ்

வெயில் கொளுத்தும்போதுதான் பிளாஷ் போட வேண்டும் என்றால் யாரும் நம்புவதில்லை. பதினைந்து வருஷமாக நெல்லைச் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து என்று படம் எடுக்கிறேன். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். சூரியன் உச்சியில் நின்றால் புருவத்துக்குக் கீழே இருட்டு விழும், கண் தெரியாது. வெயில் முதுகுப் பக்கம் இருந்தால் முகமே தெரியாது. கொஞ்சம்போல பிளாஷ் கொடுத்தால் அந்த இருட்டு விலகும். அவ்வளவுதான் விஷயம்.

முக்கூடலில், ஆற்றங்கரைக் கோயிலில் என் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான், என் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். அதனால் என்னோடு வந்த நண்பனிடம் கேமராவைக் கொடுத்தேன். நான் சொன்னபடி அவன் பிளாஷ் போட்டே எடுத்தான். அக்கா வீட்டுக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்னவே மாப்ள, பட்டப்பகல்ல லைட்டு அடிக்கீரு? சூரியன் பத்தலையாக்கும்?"

கூடியிருந்த சனம் கொல்லென்று சிரித்தது. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வருகிற புத்தி.

காது குத்தி முடிந்ததும், வீறிட்டு அழுத பிள்ளையை அத்தான் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். தலையில் துண்டோடு ஆற்றுக்கும் வெயிலுக்கும் முதுகு காட்டி நின்றார். "எங்க ரெண்டு பேரையும் ஒண்ணு எடும் மாப்ள" என்றார். நண்பனிடமிருந்து கேமராவை வாங்கி, பிளாஷைக் கழற்றிப் பையில் போட்டேன். முகம் கருப்பாய் விழும் என்று தெரியும். விழட்டும், பட்டால்தான் இவருக்குத் தெரியும் என்று வேண்டுமென்றே எடுத்தேன். ஒன்றே ஒன்று. உடனே காட்டி மட்டம் தட்டலாம் என்று இருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் மறந்துபோயிற்று.

ஏழு மாதம் கழித்து, வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன இடத்தில் அத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டது.

அவர் போனில் பிள்ளையின் படங்கள் நிறைய இருந்தன. எடுத்தவர் அவர், அதனால் அவர் எதிலும் இல்லை. கல்யாண ஆல்பம் வெள்ளத்தில் போயிருந்தது, அதனால் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டோம். அது அவர் மாதிரியே இல்லை, பாவி மனுஷன்.

பதினாறாம் நாள் விசேஷம் கழிந்ததும் அக்கா கேட்டாள்: "ஏல தம்பி, அன்னைக்கு உங்க அத்தானப் பிள்ளையோட சேத்து எடுத்தியே, அதத் தாயேன். அப்பா ஒன்னத் தூக்கி வச்சிருந்தாகன்னு அவகிட்ட நான் காட்டாண்டாமா?"

மூன்று நாள் கம்ப்யூட்டர் முன்னால் கிடந்தேன். வெளிச்சத்தை ஏற்ற ஏற்ற அந்த முகத்தில் மணல்மணலாகப் புள்ளிதான் வந்தது. ஆறு மட்டும் பளபளவென்று மின்னியது. "ஆதார் மூஞ்சிய வெட்டி ஒட்டிருவமா?" என்றான் நண்பன். அவனை ஏசிவிட்டு வெளியே போய் அழுதேன்.

"வெயில் சரியில்லக்கா, படம் கெட்டுப் போச்சு" என்று அக்காவிடம் சொன்னேன். அவள் நம்பினாள். பிளாஷை நான் கழற்றியது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

என் மடியில் பிள்ளை இருக்கிற படத்தைத்தான் அவள் வீட்டில் மாட்டியிருக்கிறாள். அதில் என் இமைமுடியைக்கூட எண்ணலாம். போன மாதம் போயிருந்தபோது பிள்ளை என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதைக் காட்டினாள்.

"அப்பா" என்றாள்.

"ஏட்டி, அது மாமால்லா" என்றாள் அக்கா.

பிள்ளை படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னிடமே கேட்டாள்.

"அப்போ அப்பா எங்க?"