தொடுவதற்கு முன் தண்ணீர்

நாமே கார் கழுவிக்கொள்ளும் இடங்களில் சுவரோரமாகத் தொங்கும் பெரிய பிரஷ்ஷை நான் தொடுவதில்லை. கைப்பிடி நீளமாக இருக்கும், குனியாமல் தேய்க்கலாம், நுரையும் அதிலிருந்தே வரும், எல்லாம் சரிதான். ஆனால் எனக்கு முன்னால் அங்கே நின்றது செம்மண் ஏற்றிப்போன ஒரு குட்டியானை லோடு வண்டியாக இருந்தால், அந்த மண்ணில் பாதி பிரஷ்ஷின் இழைகளுக்குள்தான் உட்கார்ந்திருக்கும். அடுத்து வருகிறவர் சந்தோஷமாக அதை எடுத்துத் தன் கார் முழுக்கத் தேய்த்துவிட்டுப் போவார். இதைச் சொன்னால் என் மனைவி, "ஒரு காருக்கு இம்புட்டு ஆசாரமா?" என்று சிரிப்பாள். ஆசாரமெல்லாம் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டது.

எங்கள் வீட்டில் கார் வாங்கிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர்கள். நான் படித்து, கட்டட வேலைகளை மேற்பார்வை பார்க்கும் சைட் இன்ஜினியராகி, பல வருஷம் பைக்கில் தூசி தின்று, அதற்குப் பிறகு வாங்கிய கார். நிறம் கருநீலம். "டார்க் கலர் மெயின்டெய்ன் பண்றது கஷ்டம் சார்" என்று ஷோரூமில் சொன்னார்கள். யாரிடம் சொல்கிறார்கள் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன்.

பாண்டி கோவிலில் பூஜை போட்டோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. பானெட்டில் மூன்று இடத்தில் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம் வைத்தார்கள். அந்தச் சந்தனத்தை எங்கள் ஆட்கள் துடைக்க மாட்டார்கள். காய்ந்து தானாக உதிரும்வரை வண்டி அதோடுதான் ஓடும்.

என் மனைவி கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். நாங்கள் விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். என் மாமியார் மிஷன் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆனையூரில் தனியாக இருக்கிறார். எங்கள் கல்யாணத்துக்கு அவர் மனசு இறங்கி வர இரண்டு வருஷம் ஆனது. வந்த பிறகு எனக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. நான் போனால் மீன் குழம்பு உண்டு, அதில் பெரிய துண்டு எனக்குத்தான். ஆனால் ஒன்று. கிளம்பும்போது மகளை வாசலில் நிறுத்தி, கட்டைவிரலால் அவள் நெற்றியில் சின்னதாக ஒரு சிலுவை போடுவார். என்னிடம், "பார்த்துப் போங்க மாப்பிள்ள" என்பார், அவ்வளவுதான். எனக்கு அதில் வருத்தமே இல்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னிடமும்தான்.

கார் வந்த மறுவாரம் அவரிடம் காட்டுவதற்காக ஆனையூர் போனோம். வழியில் நான் வேலை பார்க்கும் ஒரு கட்டடத்துக்குப் போய்விட்டுப் போனதால் கார் முழுக்க எம்சாண்ட் மணல் தூசி. அவர் வெளியே வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நல்லாருக்கு மாப்பிள்ள, நல்லாருக்கு" என்றார். பிறகு டிரைவர் பக்கமாக வந்து, சந்தனத்தைத் தொடாமல், கொஞ்சம் ஓரமாக, பானெட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்தி மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு போட்டார். தூசியில் சிலுவை பளிச்சென்று விழுந்தது. அடியில் பெயிண்ட்டிலும் விழுந்திருக்கும் என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

கோபம் வந்தால் எனக்கு வாய் முன்னால் போய்விடும், நான் பின்னால்தான் போவேன். "என்ன அத்தை இது! கார் என்ன ஸ்லேட்டா, கிறுக்குறதுக்கு?" என்றேன்.

அவர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். கட்டைவிரலைச் சேலை முந்தானையில் துடைத்தார். "தப்புத்தான் மாப்பிள்ள. தெரியாமப் பண்ணிட்டேன்" என்றார். அன்றும் மீன் குழம்பு இருந்தது, பெரிய துண்டு இருந்தது. கோச்சடையில் எங்கள் தெருவுக்குள் திரும்பும்போது என் மனைவி கேட்டாள்: "எங்கம்மா போட்டது கிறுக்கலா?"

மறுநாள் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். மெல்லிய மயிரிழை மாதிரி இரண்டு கோடு, ஒரு கோணத்தில் சாய்ந்து பார்த்தால்தான் தெரியும். நான் தினமும் சாய்ந்து பார்த்தேன்.

அதற்குப் பிறகு அத்தை காரைத் தொடவே இல்லை. கோபித்துக்கொண்டு வராமல் இருந்தாரா என்றால் அதுவும் இல்லை, கூப்பிட்டால் வந்தார். மகள் கதவைத் திறக்கும்வரை நிற்பார். ஏறியதும் கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொள்வார். இறங்கும்போது கதவைச் சாத்த மாட்டார், அதையும் மகள்தான் சாத்த வேண்டும். கோபித்திருந்தால்கூட எனக்கு வசதியாக இருந்திருக்கும். பதிலுக்கு நானும் கோபித்துக்கொண்டு சரிசெய்திருப்பேன்.

அந்த நாட்களில் காருக்கு நான் செய்த சேவையைச் சொல்ல வேண்டும். விடிந்ததும் ஒரு பழைய பனியனை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். முதல் நாள் சேர்ந்த தூசியைக் காய்ந்த துணியால் வட்டம் வட்டமாகத் துடைப்பேன். நாலு வீடு தள்ளியிருக்கிறவர்கூட, "பிள்ளைய வளக்குற மாதிரி வளக்குறீங்க" என்பார். எனக்குப் பெருமை பிடிபடாது. சிலுவை இருந்த இடத்தை மட்டும் கொஞ்சம் கூடுதலாக அழுத்தித் துடைப்பேன், போய்விடாதா என்று.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு பகலில், பைபாஸ் பக்கம் புதிதாகத் திறந்திருந்த, நாமே கார் கழுவிக்கொள்ளும் ஒரு இடத்துக்கு முதல்முறையாகப் போனேன். வரிசையாக நாலைந்து தடுப்புகள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் பீய்ச்சும் கன் ஒன்று, நுரைக்கு ஒன்று, அப்புறம் அந்தப் பிரஷ். போனில் ஸ்கேன் செய்தால் இயந்திரம் ஓடும், நேரம் முடிந்தால் நின்றுவிடும். நேரம் போகிறதே என்ற பதற்றத்தில் நேராகப் பிரஷ்ஷை எடுத்தேன். பக்கத்துத் தடுப்பில் கழுவிக்கொண்டிருந்த ஒரு கால் டாக்ஸி டிரைவர் கையைக் காட்டிக் கத்தினார்.

"அண்ணே, அத வைங்கண்ணே! காலைல இருந்து மண்ணு வண்டியாத் தேச்சுட்டுப் போயிருக்கான். முதல்ல தண்ணி அடிங்க. மண்ணு போகாமக் கைய வைக்காதீங்க."

அவரே கன்னை வாங்கி ஒரு கை நீளத் தூரத்தில் பிடித்துக் காட்டினார். வெயில் பானெட்டில் நேராக விழுந்திருந்தது. தண்ணீர் வடிந்ததும் அவர் குனிந்து பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"எவன்ணே இத இப்புடித் தொடைச்சது? காஞ்ச துணியப் போட்டு டெய்லி இழுத்திருக்கான். இங்கன பாருங்க."

பார்த்தேன். பானெட் முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல். ஒன்றல்ல, நூறல்ல. சிலந்தி வலையை நனைத்து ஒட்டிவைத்த மாதிரி இருந்தது.

"டிரைவர் வச்சிருக்கீங்களா?"

"ஆமா" என்றேன். வேறென்ன சொல்ல?

"மாத்திருங்கண்ணே அவன. வண்டியக் கொன்னுருவான்."

அவர் போன பிறகு அத்தையின் சிலுவையைத் தேடினேன். அந்த இடம் எனக்கு மனப்பாடம். ஆனாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கு மேலேயும் கீழேயும் உள்ளேயும் வெளியேயும் என் வட்டங்களே ஓடின. ஒரே ஒரு முறை, ஆசையாக வைத்த ஒரு விரலுக்காக அந்த அம்மாளைக் குறுகவைத்துவிட்டு, தினமும் இருநூறு முறை நானே கீறியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. கன்னைக் கையில் பிடித்தபடி நின்றேன், நேரம் முடிந்து தண்ணீர் தானாக நின்றது.

அன்றே ஆனையூர் போய் அதைச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. கோபத்துக்கு முந்திக்கொள்ளும் வாய் மன்னிப்புக்கு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பதிலாகக் கார் கழுவக் கற்றுக்கொண்டேன். என்ஜின் சூடு ஆறும்வரை நிறுத்திவைப்பேன். முதலில் வெறும் தண்ணீர், மண் எல்லாம் வழிந்து இறங்கும்வரை. பிறகு நுரை. நுரை தானாக அழுக்கை இழுத்துக்கொண்டு வடிய விட வேண்டும், காயவும் விடக் கூடாது. அதற்கப்புறம்தான் கை, அதுவும் மொத்தமான கையுறைத் துணி போட்டு, மேலிருந்து கீழாக, நேர்கோட்டில். துணி தரையில் விழுந்தால் அன்றைக்கு அதோடு சரி. சக்கரத்துக்கு வேறு துணி. இங்கே போர்வெல் தண்ணீர் உப்பு, வெயிலில் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். அதனால் கடைசியில் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுப்பேன், இழுக்க மாட்டேன். இத்தனை பக்குவமும் ஒரு தகரத்துக்கு. மனுஷர்களிடம் இதில் ஒரு பங்கு காட்டியதில்லையே என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். தோன்றியதோடு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

போன ஐப்பசியில் என் தங்கை பிள்ளைக்கு ஊரில் காதுகுத்து. அத்தையும் எங்களோடு வந்தார். சாயங்காலம் கிளம்பும்போது என் அம்மா, வழக்கம்போல, என் நெற்றியில் ஒரு கீற்று திருநீறு பூசிவிட்டாள். அத்தை காருக்குப் பக்கத்தில் கைப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் நல்ல மழை. ஊரை விட்டு மெயின் ரோடு ஏறுவதற்குள் கார் சேறாகிவிட்டது. சேறு காய்ந்தால் கஷ்டம் என்று வழியில் அதே கார் கழுவும் இடத்தில் நிறுத்தினேன். பக்கத்தில் வண்டியில் பருத்திப்பால் விற்றுக்கொண்டிருந்தார்கள். மனைவி அதை வாங்கப் போனாள். அங்கே நானும் அத்தையும் மட்டும்.

தண்ணீர் அடித்தேன், நுரை போட்டேன். கார் முழுக்க வெள்ளையாக நின்றது. அத்தை தடுப்புக்கு வெளியே, ஈரம் படாத இடமாகப் பார்த்து நின்றார். அங்கிருந்தே கேட்டார்.

"இப்பத் தொடலாமா மாப்பிள்ள?"

ஒரு டீச்சர், என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர், என்னிடம் அனுமதி கேட்கிறார். "தொடுங்க அத்தை" என்று கையுறைத் துணியைக் கொடுத்தேன். அவர் அதை மாட்டிக்கொண்டு நேராக டிரைவர் பக்கம் போனார். பானெட்டின் ஓரத்தில் நுரையை மெல்ல விலக்கி எதையோ தேடினார்.

"இங்கனதான போட்டேன். எங்க அது? அழிச்சிட்டீங்களா?" என்றார். பிறகு, "பாவசங்கீர்த்தனத்துலகூடச் சொன்னேன் மாப்பிள்ள. ஃபாதர் சிரிச்சுட்டாரு" என்றார்.

அத்தை, தான் செய்த பாவமென்று இதைப் போய்ச் சாமியாரிடம் சொல்லியிருக்கிறார். நான் தண்ணீர் விட்டு அந்த இடத்தைக் கழுவி, சாய்ந்து பார்க்கச் சொன்னேன்.

"இந்த வட்டம் எல்லாம் தெரியுதா அத்தை? எல்லாம் நான் போட்டது. டெய்லி காஞ்ச துணியால தொடைச்சுத் தொடைச்சு. உங்களது இதுல எங்க இருக்குன்னே தெரியல."

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இம்புட்டும் நீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று சொன்னேன்: "அன்னைக்குக் கிறுக்கல்னு சொன்னது ரொம்பத் தப்பு அத்தை. மன்னிச்சுக்கங்க."

"விடுங்க மாப்பிள்ள" என்றார். நுரையைக் கொஞ்ச நேரம் தேய்த்தார், மேலிருந்து கீழாக, நேர்கோட்டில், நான் சொல்லாமலேயே. பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "உங்களுக்கு நெத்தியில போடணும்னு எனக்கும் ஆசதான். நீங்க திருநீறு பூசுறவுக. கேக்குறதுக்குச் சங்கடமா இருந்துச்சு. அதான் நீங்க உக்காருற பக்கமாப் பார்த்து வண்டியில போட்டேன்."

மனைவி மூன்று டம்ளர் பருத்திப்பாலோடு வந்தாள். தன் அம்மா கையில் காருக்கான துணியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். குடித்துவிட்டுக் காரை ஒற்றித் துடைத்துக் கிளம்பினோம்.

ஆனையூரில் அத்தை இறங்கி, முதல்முறையாகக் கதவைத் தானே சாத்தினார். வாசலில் மகள் நெற்றியில் சிலுவை போட்டார். மனைவி வந்து ஏறிக்கொண்டாள். அத்தை என் பக்கம் வந்து, "பார்த்துப் போங்க மாப்பிள்ள" என்றார். நான் என்ஜினை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினேன். அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. கட்டைவிரலை முந்தானையில் ஒருமுறை துடைத்துக்கொண்டார். நெற்றியின் நடுவில் விரல் வந்து நின்றது, பிறகு ஒதுங்கியது. இடது புருவத்துக்கு மேலே, மெல்ல, அழுத்தாமல் இரண்டு கோடு.

தெருவைத் தாண்டியதும் கண்ணாடியில் பார்த்தேன். அம்மா பூசிய திருநீறு கலையாமல் அப்படியே இருந்தது.