நாய் நக்கிய சாசர்

எங்கள் ஊரில் சுற்றி நடப்பது என்றால் மலையைச் சுற்றுவதுதான். எனக்கு அது ஒத்துவரவில்லை. எழுபதுகளின் நடுவில் நான் ஒரு நாய் வளர்த்தேன். மலைப்பாதையில் அதைக் கூட்டிப்போனால் நாலு நாய்கள் பாய்ந்து வரும். பின்னாலேயே நாலு மனிதர்கள் வந்து, சாமி வழியில் நாயா என்று முறைப்பார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் துரிஞ்சலாற்றங்கரைக்கு மாறினேன்.

ஆறு என்று பெயர்தான், வருஷத்தில் பாதிக்குமேல் மணல். ஆனால் நடக்கச் சுகமான வழி. மேடு பள்ளம் கிடையாது. கரையோடு போய், மூன்று கிராமங்களைத் தாண்டி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகள் வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம். அங்கே நாயை யாரும் விரட்டமாட்டார்கள், தங்கமான ஜனங்கள் என்று ஆபீசில் பீற்றிக்கொள்வேன். அந்தத் ‘தங்கமான’ இப்போது வாயில் வந்தால் துப்பவேண்டும் போலிருக்கிறது.

பக்கத்து மேஜைக்காரர் ஒருநாள், “நானும் வரட்டுமா சார்?” என்றார். நாயே அவர் கொடுத்ததுதான். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த காலனி அவருடைய தாயார் பிறந்த இடம். அங்கே பிறந்த குட்டியைப் பையில் போட்டு சைக்கிளில் கொண்டுவந்து தந்தார். அவரைக் கண்டால் அது என்னை மறந்துவிடும்.

இரண்டாவது கிராமத்தின் முதல் வீடு வந்ததும் அவர் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். முள் குத்திவிட்டதோ என்று நினைத்தேன். பொய். இந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அது தெரியாதா? தெரிந்தும் தெரியாதவன் மாதிரி நாயைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். என் செருப்பு காலிலேயே இருந்தது.

தெருமுனையில் நான் வாடிக்கையாக டீ குடிக்கும் கடை.

“வாங்க சார், இன்னா இன்னிக்கு லேட்டு? புள்ளைக்குப் பசிச்சிருக்குமே” என்றான் கடைக்காரன். புள்ளை என்றது நாயை. வழக்கம்போல் ஒரு பொறை ரொட்டியைப் பாலில் நனைத்து, எங்களுக்கெல்லாம் தருகிற பீங்கான் சாசரில் வைத்து, கடைக்குள்ளேயே அதன் முன்னால் வைத்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

“நீ அக்கரை காலனிப் பேரன்தானே?”

“ஆமாங்க.”

வெளிக்கம்பத்தில் ஆணியில் தொங்கிய அலுமினிய டம்ளரைக் கண்ணால் காட்டினான். அவர் அதை எடுத்துக் கழுவி நீட்டினார். இவன் கையைத் தூக்கி உயரத்திலிருந்து ஊற்றினான். அவர் ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து குடித்தார். ஆபீசில் எனக்கு இங்கிலீஷ் டிராஃப்ட் திருத்தித் தருகிறவர்.

நாய் சாசரை நக்கி முடித்தது. கடைக்காரன் அதை வாளித் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, மற்ற சாசர்களோடு அடுக்கினான். என் கையிலிருந்ததும் அந்த அடுக்கிலிருந்து வந்த சாசர்தான். ஆனாலும் டீயைக் கீழே வைக்கவில்லை. நல்ல டீ.

நாய் வெளியே ஓடி அவர் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

“சார், நாயக் கூப்பிடுங்க” என்றான் கடைக்காரன். “அவன்மேல ஒட்டிக்கினு அப்பால கடைக்குள்ளதானே வரும்?”

அந்த இடத்தில் டீயை வைத்துவிட்டு எழுந்து நானும் ரோட்டோரம் போய் உட்கார்ந்திருக்கலாம். ஒரு வார்த்தையாவது கேட்டிருக்கலாம். நான் நாயைக் கூப்பிட்டேன். அது காதை மட்டும் ஆட்டியது. மறுபடி விசிலடித்துக் கூப்பிட்டேன். அப்போதும் வரவில்லை.

அவர்தான் அதன் முதுகைத் தட்டினார். “போடா, சார் கூப்பிடறாரு இல்ல?” என்று என் பக்கம் தள்ளிவிட்டார். பிறகு டம்ளரைக் கழுவி ஆணியில் மாட்டினார்.

கடைசி வீடு தாண்டியதும் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஆபீசில் யாருக்கு டிரான்ஸ்ஃபர் வரும் என்று பேசிக்கொண்டே வந்தார். என்னைப்போல ஒரு கேவலமான ஆளிடம் அதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. நாயைக் கூட்டிக்கொண்டு போய் அதே கடையில் டீ குடித்தேன்.